பள்ளிவாசல் தெரு வீடு

நாட்டிலேயே பெரிய வீட்டில் குடியிருப்பவர் குடியரசுத் தலைவர். அந்த வீட்டில் அடித்த ஓர் ஆணிகூட அவருக்குச் சொந்தமில்லை. தில்லியின் இரைசினாக் குன்றின்மேல் எட்வின் லுட்யன்ஸ் வரைந்து, 1929இல் கட்டி முடிக்கப்பெற்ற மாளிகையில் 340 அறைகள் உண்டு. வைசிராய்க்கென்று எழுப்பிய அம்மாளிகையில் ஐந்தாண்டு இருந்துவிட்டு, அடுத்தவர் வந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். அப்துல் கலாம் 2002 ஜூலை 25இல் அங்கே குடிபுகுந்தார். 2007 ஜூலை 25இல் வெளியேறினார். வெளியேறியபோது அவர் கையில் இருந்தவை இரண்டு பெட்டிகள் என்று அந்நாளில் நாடெங்கும் வியந்து பேசினார்கள். நமக்கு அதில் பெரிய வியப்பு இல்லை. உப்பளத்துக்குக் கூலிக்குப் போய்த் திரும்புகிற எந்தக் குடும்பத்துக்கும் இரண்டு பெட்டிக்குமேல் உடைமை இருப்பதில்லை. வியப்புக்குரியது வேறொன்று: அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர் தமக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்ளவே இல்லை என்பது.

உப்பு என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1930 ஏப்ரல் 13இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து, ஏப்ரல் 30இல் வேதாரண்யத்தில் உப்பள்ளிச் சிறை சென்ற இராஜாஜி, பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1948இல், அதே மாளிகைக்குள் கவர்னர் ஜெனரலாகப் புகுந்தார். உப்புக்காகத் தம்மைச் சிறையில் அடைத்த ஆட்சியின் தலைமை இல்லத்துக்குத் தாமே தலைவராக வந்தவர், வைசிராய் படுத்த பேரறை தமக்கு ஒவ்வாது என்று விருந்தினருக்கான சிற்றறைகளுக்கு இடம் மாறிக்கொண்டார். பின்வந்த குடியரசுத் தலைவர்களும் பெரும்பாலும் அப்பகுதியிலேயே குடும்பம் நடத்தினார்கள். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த சிறு வீட்டை இன்று தமிழக அரசு நினைவில்லமாகக் காக்கிறது. மாளிகை ஆண்டவர்களுடைய பிறந்த வீடு எப்போதும் ஓடும் செங்கல்லுமாகத்தான் இருந்திருக்கிறது போலும்.

பெரியோர் வாழ்ந்த வீட்டைக் காத்து வைப்பது என்ற வழக்கம் நம்மிடையே அத்துணைப் பழையதன்று. அரண்மனைகளைக் காத்தோம், கோயில்களைக் காத்தோம். தனி மனிதன் உண்டு உறங்கிய இல்லத்தைக் காப்பது அண்மைக் கால வழக்கம். அமெரிக்க நாட்டில் அது ஒரு மகளிர் சங்கத்தால் தொடங்கிற்று. முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் இல்லம் பாழடைந்து கிடந்தபோது, அரசு கைவிரித்தபோது, அன் பமேலா கன்னிங்காம் என்னும் பெண்மணி ஊர் ஊராக மடல் விடுத்து நிதி திரட்டினார். 1858இல் இரண்டு இலட்சம் டாலருக்கு அதை வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. ஆபிரகாம் லிங்கன் தம் வாழ்நாளில் உடைமையாக வைத்திருந்த ஒரே வீடு ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருக்கிறது. அதை அவர் மகன் இராபர்ட் 1887இல் இல்லினாய் மாநிலத்துக்குக் கொடையாக அளித்தபோது இட்ட நிபந்தனை இரண்டு: வீட்டை நன்கு பேண வேண்டும், பார்க்க வருவோரிடம் காசு வாங்கக் கூடாது. பிற்காலத்தில் அந்நாட்டு அரசு இன்னும் ஓரடி முன்னே சென்றது. லிங்கன் வீட்டைச் சுற்றியுள்ள நான்கு தெருக்கட்டுகளையும் சேர்த்தே எடுத்து, 1860இல் அவர் தலைவராகத் தேர்ந்தபோது அக்கம்பக்கம் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே ஆக்கி வைத்திருக்கிறது. அண்டை வீட்டார் இல்லாமல் ஒருவர் வீட்டைப் புரிந்துகொள்ள முடியாது என்ற அறிவு அதில் தெரிகிறது. இக்கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதையே ஒட்டியது.

நம் நாட்டில் மறைந்த தலைவர்கள் இருந்த அரசு வீடுகளை நினைவில்லமாக மாற்றும் வழக்கம் பெருகிப் போய், 2000ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை இனி அவ்வாறு செய்வதில்லை என்று முடிவெடுத்தது. ஆகவே 2015 ஜூலை 27இல் ஷில்லாங்கில் மாணவர்முன் பேசிக்கொண்டிருந்தபோதே கலாம் சாய்ந்த பிறகு, அவர் எட்டாண்டு வாழ்ந்த தில்லி இராஜாஜி சாலை 10ஆம் எண் இல்லத்தை அறிவுக்கூடம் ஆக்க வேண்டும் என்று எழுந்த குரல் எடுபடவில்லை. அவ்வீடு மத்திய அமைச்சர் ஒருவருக்கு ஒதுக்கப்பட்டது. 2017இல் பதவி முடிந்து வெளிவந்த பிரணாப் முகர்ஜி அங்கே குடியேறினார். கலாம் பயன்படுத்திய பொருள்கள் சிலவற்றை வைத்து, தில்லி ஹாட் வளாகத்தில் 2016இல் அம்மாநில அரசு ஒரு நினைவகம் திறந்தது. வேண்டுகோள் மறுக்கப்பட்டது குறித்துத் தமிழ்நாட்டில் பலர் சினந்தனர். அச்சினத்தில் எனக்குப் பங்கில்லை. ஒதுக்கீட்டு ஆணையால் கிடைத்து ஒதுக்கீட்டு ஆணையால் போகும் வீட்டில் ஒருவருடைய வரலாறு எவ்வளவு படிந்திருக்கும்? வேர் பிடித்த வீடு ஒன்று வேறிடத்தில் இருக்கும்போது அதைத் தேடிப் போவதே முறை.

அந்த வீடு இராமேசுவரத்துப் பள்ளிவாசல் தெருவில் இருக்கிறது. நம் கரையிலிருந்து அங்கே செல்ல விழுப்புரத்தில் வண்டி ஏற வேண்டும். ஒரு காலத்தில் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை சென்று கப்பலோடு கைகோத்த போட் மெயில் சென்ற தடம் அது. வட்டத்து நண்பர்கள் சிலரோடு சென்று, இரவெல்லாம் பேசிக் கண்விழித்து, காலையில் பாம்பன் கடலைக் கண்டோம். தெருவுக்குள் நுழைந்தால் வீட்டைத் தேட வேண்டியதில்லை. கூட்டமே காட்டிக் கொடுக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், சுண்ணாம்புக்கல்லும் செங்கல்லும் கொண்டு கட்டிய, ஓரளவு பெரிய வீடு என்று கலாம் தம் தன்வரலாற்றில் அதைக் குறிக்கிறார். இன்று அதன்மேல் மாடிகள் எழுந்துள்ளன. காட்சிக்கூடம் மாடியில் அமைந்திருக்கிறது. குறுகிய படிகளில் வரிசையாக ஏறிச் செல்ல வேண்டும். புகைப்படங்கள், விருதுகள், பட்டச் சான்றுகள், ஏவுகணை, குடியரசு மாளிகை, உலகத் தலைவர்கள்: ஒரு மனிதர் வெளியூரில் பெற்றவை அனைத்தும் உள்ளூருக்குத் திரும்பி வந்து கண்ணாடிக்குள் அமர்ந்திருக்கின்றன. வந்தவர்கள் அவற்றைப் பார்த்துப் பெருமிதம் கொள்கிறார்கள். பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். குறை சொல்லத் தோன்றவில்லை. ஆயினும் பார்க்கப் பார்க்க ஓர் எண்ணம் வலுத்தது. இந்தப் பட்டயங்களைச் சென்னையிலோ தில்லியிலோ எந்தச் சுவரில் மாட்டினாலும் இவை இதே செய்தியைத்தான் சொல்லும். இந்த வீட்டில் மட்டுமே கேட்கக்கூடிய செய்தி எது?

கடலோரத்தில் வாழும் நமக்கு ஒரு விடை எளிதில் புலப்படும். சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த பழைய சுவரை உப்புக் காற்று என்ன செய்யும் என்பதை மரக்காணத்தார்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை ஓய்ந்த பின் செங்கல்லின் முகத்தில் வெள்ளையாகப் பூக்கும் உவர், தட்டினால் உதிரும் பூச்சு, ஆண்டுக்கொருமுறை வெள்ளையடித்தும் அடங்காத ஈரம்: கரையோர வீடு நின்று நிலைப்பது அதில் இடையறாமல் ஆள் குடியிருப்பதால்தான். இவ்வீடு அருங்காட்சியகமாக நிற்பதற்குமுன் ஒன்றரை நூற்றாண்டு குடும்பமாக நின்றது. தலைமுறைக்குத் தலைமுறை சுண்ணாம்பு அடித்தவர்கள், கூரை மாற்றியவர்கள், படி கட்டியவர்கள் அதைக் காத்தார்கள். கலாம் அவ்வீட்டில் பிறந்தவர். அதை ஆண்டவர் அல்லர். அது அவர் தந்தையின் வீடு. பிறகு அவர் தமையனாரின் வீடு.

தந்தையார் ஜைனுலாப்தீன் பள்ளியில் படித்தவர் அல்லர்; செல்வரும் அல்லர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தொழுதுவிட்டு, நான்கு மைல் தொலைவிலிருந்த தென்னந்தோப்புக்கு நடந்து சென்று, பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளில் கட்டித் தூக்கிக்கொண்டு திரும்பிய பிறகுதான் காலை உணவு என்று மகன் எழுதியிருக்கிறார். மாலைத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளிவரும்போது, நோயுற்றோர்க்காகப் பல சமயத்தாரும் கிண்ணங்களில் நீரேந்தி அவருக்காகக் காத்திருப்பார்களாம். 102 வயது வரை வாழ்ந்து 1976இல் மறைந்தார். யாத்திரிகர்களை இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு அழைத்துச் செல்ல அவர் பாய்மரப் படகு கட்டினார். கடற்கரையில் தீ மூட்டி அவ்வனலில் மரத்தைப் பதப்படுத்தி வளைத்துப் படகு உருவாவதைச் சிறுவன் கலாம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாளில் ஏவூர்தியின் உடலுக்கான பொருள்களைப் பற்றிச் சிந்தித்த மூளைக்கு அதுவே முதற்பாடம் என்று நான் சொன்னால் நண்பர்கள் மிகை என்பார்கள். சொல்லாமல் விடுகிறேன்.

மரைக்காயர் என்னும் குடிப்பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மரக்கலம் என்ற தமிழ்ச் சொல்லோடு அதை இணைத்துப் பொருள் காண்போர் உண்டு. கப்பலைக் குறிக்கும் மர்க்கப் என்ற அரபுச் சொல்லோடு இணைப்போரும் உண்டு. எவ்வழி பார்த்தாலும் கலத்திலேதான் போய் நிற்கிறது. கவிஞர்களுக்காக இன்னொன்று: அரபியில் கலாம் என்றால் சொல், பேச்சு, நம் பழந்தமிழில் கலாம் என்றால் பூசல். ஒரே ஒலிக்கு இரு கரையில் இரு பொருள்.

படகின் முடிவு வரலாற்று மாணவனுக்கு ஒரு புதிர். நூறு மைல் வேகத்துக்குமேல் வீசிய புயல் ஒன்று தங்கள் படகையும் சேதுக்கரை நிலத்தில் ஒரு பகுதியையும் அடித்துச் சென்றது என்றும், பாம்பன் பாலம் பயணிகள் நிறைந்த வண்டியோடு இடிந்தது என்றும் கலாம் தம் இளமைப் பருவ நினைவுகளின் நடுவே எழுதுகிறார். அவர் பிறந்தது 1931 அக்டோபர் 15இல். நாம் அறிந்த தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர் 22 இரவில் வந்தது. அப்போது அவருக்கு வயது 33, பள்ளிச் சிறுவர் அல்லர். அப்புயலில் நூற்றுக்கு மேற்பட்டோரை ஏற்றிச் சென்ற பாம்பன் – தனுஷ்கோடிப் பயணி வண்டி அலையில் கவிழ்ந்தது பாலத்தின்மேல் அன்று. தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிய வேளையில். பாலம் தனியே சிதைந்தது. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுக்கண் நிற்க, மற்றக் கண்கள் பெரும்பாலும் கடலில் விழுந்தன; இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாள்களில் அது மீண்டும் எழுந்தது.

அப்படியானால் படகைக் கொண்டு சென்ற புயல் எது? சிறு வயதில் கண்ட வேறொரு புயலும் 1964இன் பெரும்புயலும் நினைவில் ஒன்றாகிவிட்டன என்றே கொள்ளத் தோன்றுகிறது. கடற்கரை மக்களின் நினைவு அவ்வாறுதான் இயங்கும். நம் உப்பளங்களில் ஒரு முதியவரிடம் புயலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2011 டிசம்பர் 30இன் தானேயும், 2024 நவம்பர் 30இன் ஃபெஞ்சலும், பெயரில்லாத பழைய புயல்களும் ஒரே பேச்சில் கலந்து வரும். பாத்தி போனதும் படகு போனதும் தெரியும், ஆண்டு தெரியாது. பொய்யென்று அதைத் தள்ளுபவன் வரலாறு அறியாதவன். ஆண்டைக் கேட்டு எழுதி வைக்காதவனும் அவ்வாறே. இராமேசுவரத்து வீட்டின் காட்சிக்கூடம் சொல்ல வேண்டிய செய்திகளில் இது ஒன்று: இவ்வீட்டார் ஒரு படகை இழந்தார்கள், இன்ன நாளில், இன்ன புயலில்.

வீட்டைவிட்டு இறங்கித் தெருவில் நடந்தால் இன்னும் எவ்வளவோ கிடைக்கிறது. பெருங்கோயில் அங்கிருந்து பத்து நிமிட நடை. சீதா இராம திருக்கல்யாணத்தின்போது உற்சவத் திருமேனிகளை இராம தீர்த்தத்தின் நடுவிலுள்ள மண்டபத்துக்கு ஏற்றிச் செல்லும் மேடைப் படகுகளை இக்குடும்பத்தாரே அமைத்துக் கொடுத்தார்கள். இதை நல்லிணக்கம் என்று மேடையில் முழங்குவதற்கு முன்னால் அது ஒரு தொழிலுறவு என்பதையும் கருத வேண்டும். கோயிலுக்கு வரும் யாத்திரிகர் இல்லையேல் மரைக்காயர் படகுக்குப் பிழைப்பில்லை. மரைக்காயர் படகு இல்லையேல் தெய்வத்துக்கு நீராழி மண்டபம் இல்லை. ஒருவரை ஒருவர் வேண்டியிருந்தமையாலேயே அந்த உறவு உறுதியாய் நின்றது.

இரண்டாம் உலகப் போர் அத்தெருவுக்கு வந்த வழியும் சுவையானது. திடீரென்று புளியங்கொட்டைக்குக் கிராக்கி வந்தது. சிறுவன் அதைப் பொறுக்கி அதே தெருவிலிருந்த கடையில் விற்பான். ஒருநாள் பொறுக்கலுக்கு ஓரணா. பிறகு இராமேசுவரத்தில் வண்டி நிற்பது நின்றுபோயிற்று. இராமேசுவரம் ரோட்டுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் ஓடும் வண்டியிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வீசினார்கள். ஊருக்கு நாளிதழ் முகவராயிருந்த உறவினர் சம்சுதீனுக்கு உதவியாக அக்கட்டுகளைப் பிடித்தவன் இவன். வாழ்வில் முதன்முதலாகச் சம்பளம் பெற்றது அப்போதுதான். ஜலாலுதீன் சொல்லும் போர்க்கதைகளைத் தினமணித் தலைப்புகளில் தேடிப் பார்த்தானாம். பழைய புரட்சியாளர் எஸ்.டி.ஆர். மாணிக்கம் தம் நூலகத்தைத் திறந்துவிட்டார். அந்தப் புளியங்கொட்டைக் கடையும், கட்டு விழுந்த தண்டவாள ஓரமும், மாணிக்கத்தின் நூல் அலமாரியும் சேராமல் இவ்வீட்டின் வரலாறு நிறைவுறாது. ஸ்பிரிங்ஃபீல்டில் நான்கு தெருக்கட்டைக் காத்தவர்களின் அறிவை நான் இங்கே எண்ணிக்கொள்கிறேன்.

அடுக்களைகள் இரண்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. ஒன்று இவ்வீட்டினுடையது. தாய் ஆசியம்மாள் தரையில் வாழையிலை போட்டு, சோறும் மணக்கும் சாம்பாரும் ஊற்றி, வீட்டில் போட்ட ஊறுகாயும் தேங்காய்த் துவையலும் வைக்க, அவர் பக்கத்தில் அமர்ந்து உண்டதை மகன் மறக்கவில்லை. குடும்பத்தாரைவிட வந்துண்ட வெளியாரின் எண்ணிக்கை எந்நாளும் மிகுதி என்றும் சொல்கிறார். தன்வரலாற்றின் முகப்பில் அவர் வைத்திருப்பது தாயைப் பற்றிய ஒரு கவிதை.

மற்றோர் அடுக்களை ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயருடையது. மாணவனை அவர் தம் வீட்டுக்கு உணவுக்கு அழைத்தார். மனைவியார் தம் மடி அடுக்களையில் ஒரு முஸ்லிம் சிறுவனுக்குப் பரிமாற மறுத்தார். ஐயர் சினக்கவில்லை, தாமே பரிமாறி, அவனருகில் அமர்ந்து தாமும் உண்டார். அம்மையார் கதவுக்குப் பின் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விடைபெறும்போது அடுத்த வாரமும் வா என்றார் ஐயர். தயங்கிய சிறுவனிடம், ஒரு முறையை மாற்றுவதென்று துணிந்தால் இத்தகைய இடர்கள் வரத்தான் செய்யும் என்று விளக்கினார். அடுத்த வாரம் அவன் சென்றபோது அம்மையார் அவனை உள்ளே அழைத்துச் சென்று தம் கையாலேயே பரிமாறினார். இடையில் கழிந்த அந்த ஒரு வாரத்தில் அவ்வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பதை எந்த நூலும் எழுதவில்லை. ஒரு நாட்டின் வரலாற்றில் அது சிறிய வாரம் அன்று. அந்த அடுக்களையை எந்தக் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பது?

குடியரசு மாளிகைக்குப் பள்ளிவாசல் தெரு ஒருமுறை விருந்துக்குப் போயிற்று. 2006 மே மாதம் தொண்ணூறு வயதுத் தமையனார் முதல் ஒன்றரை வயதுக் குழந்தைவரை ஐம்பதுக்கு மேற்பட்ட உறவினர் தில்லிக்கு வந்து தங்கினார்கள். அவர்கள் தங்கிய அறைகளுக்கும் அருந்திய தேநீருக்கும் கணக்குப் பார்த்து மூன்றரை இலட்சம் ரூபாய்க்குமேல் கலாம் தம் கையிலிருந்து செலுத்தினார் என்று அவருடைய செயலாளராயிருந்த பி.எம். நாயர் எழுதினார். நேர்மைக்குச் சான்றாக இதை எடுத்துக்காட்டுவது வழக்கம். எனக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. தந்தை வீட்டில் யார் வந்துண்டாலும் கணக்கில்லை. நாட்டின் வீட்டில் தன் தமையன் உண்டாலும் கணக்குண்டு. இரு வீட்டுக்கும் வேறுபாடு அறிந்தவர் அவர்.

அந்த வேறுபாட்டை நாம் அறிந்தோமா என்பதே ஐயம். 2015 ஜூலை 30இல் அவரை அடக்கம் செய்த பேய்க்கரும்பில், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் எழுப்பிய நினைவிடம் 2017 ஜூலை 27இல் பிரதமரால் திறக்கப்பெற்றது. அதன் முகப்பு தில்லி இந்தியா கேட்டின் சாயலில் அமைந்தது; குவிமாடங்கள் குடியரசு மாளிகையின் சாயல் கொண்டவை. கதவுகள் செட்டிநாட்டு வேலைப்பாடு. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் ஐந்தாண்டு இருந்து இரண்டு பெட்டியோடு புறப்பட்டு வந்தாரே, அந்த மாளிகையின் சாயலையே அவர் தலைமாட்டில் மறுபடி கட்டி வைத்தோம். திறந்த சில நாளிலேயே, வீணை வாசிக்கும் அவர் சிலையின் அருகே பகவத் கீதை ஏன், திருக்குறள் எங்கே என்று வாதம் மூண்டது; குடும்பத்தார் குர்ஆனையும் பைபிளையும் கொண்டு வந்து அருகில் வைக்க நேர்ந்தது. பள்ளிவாசல் தெரு வீட்டில் இத்தகைய வாதம் எழ இடமில்லை. பள்ளிவாசலும் கோயில் படகும் ஐயர் வீட்டுச் சோறும் அங்கே பல்லாண்டு ஒன்றாக இருந்து பழகியவை.

நம் இரும்பையிலும் காத்து வைத்தலுக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. சம்பந்தர் பாடிய மாகாளத்து இறைவன் திருமேனி, கடுவெளிச் சித்தர் பாடலால் வெடித்துச் சிதறியது என்பது ஊர்க்கதை. சிதறியதைப் புறத்தே தள்ளிப் புதியதை வைக்கவில்லை. செம்பால் பிணைத்து வழிபட்டு வருகிறோம். உடைந்த தடம் மறையாமல் தெரிகிறது. கதையும் அதனாலேயே வாழ்கிறது. புதுச்சேரியில் பாரதியார் 1908 முதல் 1918 வரை இருந்தது வாடகை வீடுகளில். அவற்றுள் ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் உள்ளதை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். பெருமாள் கோயில் தெருவில் பாவேந்தர் வீடு இருக்கிறது. இவற்றைப் போல் மரக்காணம் பக்கத்திலும் ஏதேனும் எழுப்ப வேண்டும் என்று வட்டக் கூட்டங்களில் அவ்வப்போது பேச்செழுகிறது. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் நம் மரக்காணமே என்று அறிஞர்கள் கருதுவதால் அங்கே வளைவு ஒன்று கட்டலாம் என்பாரும் உண்டு. வளைவு பின்னர் ஆகட்டும். அளத்தில் வரப்பு மிதித்தவர்கள், உப்பு வாரியவர்கள், தோணி ஓட்டியவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் எண்பதும் தொண்ணூறுமாக இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. எந்தப் புயலில் எந்தப் பாத்தி போனது, எந்த ஆண்டு கூலி உயர்ந்தது, எந்த வீட்டு அடுக்களையில் யாருக்கு இலை போட மறுத்தார்கள், பிறகு யார் போட்டார்கள் என்று கேட்டு எழுத வட்டத்தில் இருவர் முன்வந்தாலும் போதும். பதினொன்றாம் ஆண்டு அதிலேயே கழியலாம்.

இதை அவசரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கலாமின் தமையனார் முத்து மீரான் மரைக்காயர் அவரைவிடப் பதினைந்து வயது அளவு மூத்தவர். தம்பி பிறந்ததையும், செய்தித்தாள் கட்டுப் பிடித்ததையும், தில்லி சென்றதையும், பேய்க்கரும்பில் அடங்கியதையும் அதே பள்ளிவாசல் தெருவிலிருந்து பார்த்தவர். 1914இல் திறந்த பாம்பன் பழைய பாலத்துக்கு ஏறக்குறைய அவர் வயது; அப்பாலத்தில் 2022 டிசம்பரில் வண்டி நின்றது, 2025 ஏப்ரல் 6இல் புதுப் பாலம் திறந்தது. அவரோ 2021 மார்ச் 7இல், 104ஆம் வயதில் மறைந்தார். தந்தையின் படகைக் கொண்டுபோன புயல் எது, எந்த ஆண்டு என்பதைத் திண்ணையில் அமர்ந்தபடியே அவர் சொல்லியிருப்பார்.